மேசைக்கடியில் ஒரு காதலன்

எனக்கு வேலை போன செய்தி வீடியோ காலில் வந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. கேமராவில் தெரிகிற அளவுக்கு மட்டும் நான் கம்பெனி ஊழியன். அவர்கள் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பழக்கதோஷத்தில் "தேங்க் யூ" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கம்பெனியில் பத்து வருடம் நான் பார்த்தது மெஷின் லேர்னிங் வேலை. ஊரில் அம்மா இதை யாரிடமாவது சொல்லும்போது, "கம்ப்யூட்டருக்கே பாடம் எடுக்கிறான்" என்பார். உண்மையில் நான் செய்தது இவ்வளவுதான்: மொபைலில் ஒரு செருப்பு விளம்பரம் வந்தால், பார்க்கிறவர் அதை அழுத்துவாரா, தள்ளிவிட்டுப் போவாரா என்று முன்கூட்டியே ஊகிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கினேன். என்னை ஒருநாள் தள்ளிவிட்டுப் போவார்கள் என்பதை மட்டும் கம்ப்யூட்டரும் ஊகிக்கவில்லை, நானும் ஊகிக்கவில்லை.

பெங்களூர் விவேக் நகரில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இதே ஊரின் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழும் கன்னடமும் அவளுக்கு ஒரே வேகத்தில் வரும். நான் வாணியம்பாடிக்காரன். பெங்களூருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் என் கன்னடம் பஸ் கண்டக்டரிடம் தொடங்கி அவரிடமே முடிந்துவிடும். வேலை போன பிறகு நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். காலையில் அவள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் நின்று கையசைப்பேன். கீழ் வீட்டு ஆன்ட்டி முதல் வாரம், "வொர்க் ஃப்ரம் ஹோமா?" என்று கேட்டார். இரண்டாவது மாதம் கேட்பதை நிறுத்திவிட்டு, எனக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார்.

ஜெபத்தின் பலனோ என்னவோ, பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் போன் செய்தார். பன்னேர்கட்டா சாலைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே சிலந்திகள் இணை தேடும் விதத்தை ஆராய்கிறார்கள். மெஷின் லேர்னிங் தெரிந்த ஆள் வேண்டுமாம். சம்பளம் குறைவு. வேறு யாரும் வரவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

அன்று மாலை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எட்டுக்கால் பூச்சியா?" என்றாள்.

"ஆமா."

"உங்களுக்கா?"

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் எட்டு வருட இல்லறம் அடங்கியிருந்தது. பாத்ரூமில் சிலந்தி இருந்தால், இடுப்பில் துண்டோடு வெளியே வந்து அவளைக் கூப்பிடுகிறவன் நான். அவள் துடைப்பத்தோடு உள்ளே போய், வேலையை முடித்துவிட்டு வெளியே வருவாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் என்னை நேர்காணல் செய்தவர் அந்தக் குழுவின் தலைவி. மைசூர்க்காரர். எல்லாரும் அவரை மேடம் என்றே கூப்பிட்டார்கள். தமிழ் புரியும், பேசுவது ஆங்கிலத்தில். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில்தான் தருகிறேன்.

"சிலந்தி என்றால் பயமா?" என்று கேட்டார்.

"இல்லை மேடம். ரொம்ப ஆர்வம்."

என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டப்பா இருந்தது. அதற்குள் பழுப்பு நிறத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் பதில் சொன்னது மேடத்தைப் பார்த்தல்ல, அதைப் பார்த்து. அவர் டப்பாவை எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்துவிட்டு, "பரவாயில்லை. சிலந்தியைத் தொடுவதற்கு எங்களிடம் வேறு ஆள் இருக்கிறது" என்றார்.

அந்த வேறு ஆள்தான், எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். ஆனேக்கல்லில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதைத் தாண்டியவர். முன்பு கார்மென்ட்ஸ் பேக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவர். கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு இங்கே வந்தவர், ஒருநாள் தப்பித்துப்போன சிலந்தியை வெறும் கையால் பிடித்துக் கொடுத்தாராம். அன்றிலிருந்து சிலந்திகள் அவர் பொறுப்பில். ஆனேக்கல் ஏரிக்கரையில் இருட்டத் தொடங்கும் நேரத்தில் டார்ச் அடித்துத் தேடி, சிலந்திகளைப் பிடித்து வருபவரும் அவர்தான். ஆண் எது, பெண் எது என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆணை அவர் "கண்டு" என்று கன்னடத்தில் சொல்வார். பெண்ணை "அம்மணி" என்பார்.

அங்கே ஆராய்ந்தது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னாது, தரையில் ஓடித்திரியும். பெண் நடந்துபோகும் இடமெல்லாம் மெல்லிய நூலை விட்டுக்கொண்டே போகும். ஆண் அந்த நூலில் கால் வைத்ததுமே விஷயம் தெரிந்துகொண்டு, முன்கால்களால் தரையைத் தட்டும், பின்னுடலை அதிரவைக்கும். பெண் தன் கால்கள் வழியாக அந்தத் தாளத்தைக் கேட்கும். பிடித்திருந்தால் நிற்கும். பிடிக்காவிட்டால் போய்விடும். ரொம்பப் பிடிக்காவிட்டால் தின்றுவிடும்.

சோதனையும் எளிமையானதுதான். ஒரு தாளின்மேல் பெண்ணை ஒருநாள் நடமாட விட்டு எடுத்துவிடுவார்கள். பிறகு அதே தாளில் ஆணை விடுவார்கள். தாளுக்கு அடியில் ஒட்டிய ஒரு சின்னச் சென்சார் அதிர்வைப் பதிவு செய்யும். மேலே ஒரு கேமரா. இப்படி மணிக்கணக்காக எடுத்த பதிவுகளின் வீடியோவை அக்கா உட்கார்ந்து பார்த்து, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை ஆண் தாளம் போட்டது என்று குறிப்பார். ஒரு மணி நேரப் பதிவைக் குறிக்க அரை நாள் ஆகும். அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும். அதற்குத்தான் நான்.

மெஷின் லேர்னிங் என்பது மந்திரம் ஒன்றுமில்லை. அக்கா குறித்து வைத்த அதிர்வுகளைக் கம்ப்யூட்டரில் இருக்கும் மாடல் என்ற புரோகிராமுக்குத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். இது காதல், இது சும்மா நிற்பது, இது காதல், இது சும்மா நிற்பது என்று ஆயிரக்கணக்கில். காட்டக் காட்ட, வித்தியாசம் எதில் இருக்கிறது என்று அதுவே பிடித்துக்கொள்ளும். எதைப் பிடித்துக்கொண்டது என்று நமக்குச் சொல்லாது. நாமும் கேட்பதில்லை, விடை சரியாக வருகிறவரை.

பழைய பதிவுகள் இரைச்சலாக இருந்ததால், புதிதாக எல்லாவற்றையும் நானே பதிவு செய்வதாகச் சொன்னேன். அக்கா சிலந்தியைத் தாளில் விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். நான் மேசை முன்னால் உட்கார்ந்து கருவிகளைப் பார்த்துக்கொள்வேன். முதல் வாரம் நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டேன். இரண்டாவது வாரத்தில் ஆர்வம் வந்துவிட்டது. ஆண் முன்கால்களைத் தூக்கும் அந்த நொடிக்காக மேசையோடு ஒட்டி உட்கார்ந்து காத்திருப்பேன். அது தாளம் போடத் தொடங்கிவிட்டால் எனக்குப் பதற்றமாகிவிடும். என் தம்பி பெண் பார்க்கப் போனதுபோல் ஒரு தவிப்பு. அது சும்மா நிற்கும் நேரத்தில் மொபைலை எடுத்து, வேலை தேடும் தளங்களைப் பார்ப்பேன்.

மூன்று மாதத்தில் மாடல் தயாராகிவிட்டது. முடிவைப் பார்த்து எனக்கே நம்ப முடியவில்லை. அக்கா "காதல்" என்று குறித்த இடத்தில் எல்லாம் மாடலும் காதல் என்றது. தவறு தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. பத்து வருடம் செருப்பு விளம்பரத்தில் காட்டாத புத்திசாலித்தனத்தை என் மாடல் சிலந்தியிடம் காட்டியது. நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? இவ்வளவு நன்றாக வந்தால் எங்கேயோ ஏதோ இடிக்கிறது என்று. பத்து வருட அனுபவம் உள்ள எவனும் அதைத்தான் நினைப்பான். நான் நினைத்தது, "கம்பெனிக்காரர்களுக்கு என் அருமை தெரியவில்லை" என்று.

அதோடு நிற்கவில்லை. பதிவு நடக்கும்போதே வேலை செய்கிற மாதிரி அதை மாற்றினேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பட்டை. ஆண் சும்மா இருந்தால் சாம்பல் நிறம். தாளம் போட்டால் பச்சை நிறத்தில் மேலே ஏறும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இனிமே நீங்க உக்காந்து கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம்க்கா. எல்லாம் இதுவே பாத்துக்கும்."

"ஆகட்டும் சார்" என்றார். கொஞ்ச நேரம் பட்டையையே பார்த்துவிட்டு, "ஆனா போன வாரம் நீங்க லீவ் போட்டீங்களே, அன்னைக்கு நான் ஒரு பதிவு எடுத்தேன். கண்டு சென்னாகி ஆடிச்சு சார், நல்ல ஆட்டம். அதை உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்லேங்குது" என்றார்.

அதற்கு நான் இருபது நிமிடம் விளக்கம் கொடுத்தேன். ஒரே ஒரு பதிவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றேன். கருவியைச் சரியாக ஒட்டாமல் விட்டிருக்கலாம் என்றேன். நடுவில் நான்கைந்து ஆங்கிலச் சொற்களைப் போட்டேன்; அவற்றில் இரண்டுக்கு எனக்கே அர்த்தம் நிச்சயமில்லை. அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிலந்திகளுக்குப் பூச்சி போடப் போய்விட்டார்.

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் வந்தார்கள். சிலந்தி ஆராய்ச்சியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். மேடம் அவர்களுக்கு என் மாடலைக் காட்ட ஏற்பாடு செய்தார். நான் முடி வெட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு போடாத ஷூவைத் தேடி எடுத்தேன். காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்த மனைவி, "சிலந்திக்கு எட்டுக் கால். உங்க ரெண்டு கால யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

அறையில் மேடம், விருந்தினர் இருவர், மாணவர்கள் ஐந்தாறு பேர். சுவர் ஓரமாக அக்கா. நான் மேசை முன்னால் வழக்கமான நாற்காலியில். அக்கா ஆண் சிலந்தியைத் தாளில் விட்டார். அது கொஞ்ச தூரம் நடந்து, நின்று, முன்காலைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கியது.

திரையில் பட்டை பச்சையாகி விறுவிறுவென்று ஏறியது.

"இப்போது நீங்கள் பார்ப்பது தீவிரமான காதல் முயற்சி" என்றேன் ஆங்கிலத்தில்.

வந்திருந்தவர்களில் வயதானவர் குனிந்து சிலந்தியைப் பார்த்தார். "அது காலைத் துடைத்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

நியாயமாக நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டை உச்சியில் இருந்தது. பதற்றத்தில் வாய் தானாகப் பேசியது. "வெளியே அப்படித் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அதிர்வு இருக்கிறது. மனிதக் கண் தவறவிடுவதை மாடல் பிடிக்கிறது."

சிலந்தி காலைத் துடைத்து முடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தது. பட்டை இறங்குவதாக இல்லை. அப்போது சுவர் ஓரத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"சார், காலை நிறுத்துங்க."

"என்னக்கா?"

"காலு சார். உங்க காலு. ஆடுது."

குனிந்து பார்த்தேன். பாலிஷ் போட்ட என் வலது ஷூ, முன்பாதம் ஊன்றி, குதிகால் மேலும் கீழுமாகப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் மேசையின் காலில் ஒட்டியிருந்தது. எனக்கு அது ஆடுவதே தெரியவில்லை. நிறுத்தினேன்.

பட்டை சாம்பல் நிறமாகி அடியில் போய் விழுந்தது.

மேடம்தான் முதலில் பேசினார். "மறுபடி ஆட்டுங்கள்."

ஆட்டினேன். பச்சை.

"நிறுத்துங்கள்."

சாம்பல்.

இப்படி நான்கு முறை நடந்தது. பிறகு வெளிநாட்டு விருந்தினர், தான் ஒருமுறை முயன்று பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். என் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினார். பட்டை அசையவே இல்லை. மாடல் என் காலுக்கு மட்டுமே பழகியிருந்தது. உலகத்தில் என் காலின் காதலை அடையாளம் காண ஒரே ஒரு மாடல்தான் இருக்கிறது, அதைச் செய்தவனும் நான்தான் என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் எனக்குத் தோன்றியது.

நடந்தது இதுதான். மூன்று மாதமும் சிலந்தி தாளம் போடத் தொடங்கும்போதெல்லாம் நான் பதற்றத்தில் காலாட்டியிருக்கிறேன். அது சும்மா இருக்கும்போது நான் மொபைலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். மேசை வழியாக என் கால் அதிர்வு சென்சாருக்குப் போயிருக்கிறது. சிலந்தியின் தாளம் ரொம்ப மெல்லியது; என் காலின் தாளம் அதைவிடப் பல மடங்கு பெரியது. மாடல் எது சுலபமோ அதைப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் தப்புச் சொல்ல முடியாது.

அன்று பஸ்ஸில் இரண்டு கைகளாலும் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர், "மூட்டு வலியா?" என்று கேட்டு, எண்ணெய் ஒன்றைச் சிபாரிசு செய்தார்.

வீட்டில் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்க கால் ஆட்டுறது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

"முன்னாடியே ஆட்டுவேனா?"

"பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னைக்கே. டீபாய் மேல வச்ச காபி டம்ளர் எல்லாம் கடகடன்னு ஆடுச்சு. எங்கப்பா லாரி போகுதுன்னு நினைச்சாரு. ஸ்ரீராம்புரத்துல எங்க சந்துல ஸ்கூட்டரே திரும்பாது, லாரி எப்படி வரும்னு அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு."

எட்டு வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த நாளைப் பற்றி என் நினைவில் இருந்தது வேறு. நான் நிதானமாக, கம்பீரமாக உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?"

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. ஒரு மணி நேரம் தன்னைப் பத்தியே பேசினாரு. நீங்க ஒண்ணுமே பேசல, டம்ளர்தான் பேசுச்சு. சரி, நமக்கு இருக்கிற பயம் இவருக்கும் இருக்குன்னு தோணுச்சு." பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தாள். "இதைப் போய்ப் பெருசா எடுத்துக்காதீங்க."

"வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்."

"விடுங்க. கீழ் வீட்டு ஆன்ட்டி மறுபடி ஜெபம் பண்ணுவாங்க."

அடுத்த நாள் போனேன். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எந்தெந்தப் பதிவுகள் நீங்கள் எடுத்தவை?" என்று கேட்டார்.

"அக்கா எடுத்த ஒன்றைத் தவிர எல்லாமே, மேடம்."

"சரி. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்."

சிலந்தி அறையில் அக்கா தரையில் உட்கார்ந்து, லாரி டயர் ட்யூப் ஒன்றைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். ஆனேக்கல் பஞ்சர் கடையில் வாங்கி வந்ததாம். அந்த ரப்பர் துண்டுகளை மேசைக் கால்களுக்கு அடியில் வைக்கப் போகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க முன்னாடியே சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கிக்கல."

"சொன்னேன் சார். நீங்க இங்கிலீஷ்ல என்னமோ பெருசா சொன்னீங்க. படிச்சவரு சொல்றாருன்னு விட்டுட்டேன்."

"நான் கால் ஆட்டுறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? முதல் நாள்ல இருந்து ஆட்டுறீங்க. ஆனா அதுதான் இதுன்னு நேத்துதான் பிடிபட்டுச்சு. ட்யூப இழுத்துப் பிடிங்க சார், வெட்டணும்."

பிடித்தேன். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

என் நாற்காலியை வராந்தாவுக்கு மாற்றினார்கள். கேபிளை ஜன்னல் வழியாக இழுத்து, திரையை வெளியே வைத்தார்கள். பதிவு நேரத்தில் அறைக்குள் எவரும் இருக்கக்கூடாது என்று கதவில் ஓர் அட்டை ஒட்டினார் மேடம். "எவரும்" என்று எழுதியிருந்தாலும் அது யாரைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். வராந்தாவில் போகிற மாணவர்கள் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள்.

புதிய பதிவுகளில் பழக்கிய மாடல் பரிதாபமாக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சரியாக வந்திருக்கும். அப்போதுதான் நான் முதல்முறையாகச் சிலந்தியின் தாளத்தை ஒழுங்காகக் கேட்டேன். அக்கா ஹெட்போனைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "இது கால் தட்டுறது. இது வயித்த ஆட்டுறது. இது நடக்குற சத்தம், இதைச் சேக்காதீங்க." நான் அதுவரை கோடுகளாக மட்டுமே பார்த்த அதிர்வுகள், ஓர் உயிர் படும் பாடாகக் கேட்டன. மாடலுக்கு எதைக் காட்ட வேண்டும் என்பதே அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஐந்து மாதம் ஆனது. மாடல் சுமாராகத் தேறியது. தவறுகளும் செய்தது, நம்பும்படியான தவறுகள்.

ஒரு தவறு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஆண் தாளம் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அது அசையாமல் நிற்பதாக அக்கா குறித்திருந்த சில நொடிகளை, மாடல் காதல் என்றது. மறுபடி நானாகத்தான் இருப்பேன் என்று முடிவு செய்தேன். பதிவின்போது வராந்தாவை விட்டுக் கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் வந்தது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். ஒருநாள் பதிவு ஓடும் நேரத்தில் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வந்துகொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் அக்காவிடம் போனேன். இந்த முறை ஆங்கிலச் சொல் எதுவும் போடவில்லை.

அவர் வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக் கேட்டார். மறுபடி ஓடவிட்டார். நான்காவது முறை கையை உயர்த்தி, "நில்லுங்க" என்றார்.

"என்னக்கா?"

"வயிறு நடுங்குது சார், நூல் அளவு. நான் இத்தனை வருஷம் பாத்து இதைப் பாக்கல. தாளம் போடறதுக்கு முன்னாடி தொண்டையைக் கனைச்சுக்கிற மாதிரி என்னமோ பண்ணுது."

மேடத்தைக் கூப்பிட்டோம். அவர் ஒரு மணி நேரம் பார்த்தார். வேறு சில சிலந்திகளில் இப்படி இருப்பது தெரிந்ததுதான், இந்தச் சிலந்தியில் யாரும் எழுதியதாக அவருக்குத் தெரியவில்லை என்றார். பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் நிஜம். கட்டுரை எழுதியபோது அக்காவின் பெயர் எனக்கு முந்திய இடத்தில் வந்தது. அதற்கு முன் அவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் ஆசிரியர் வரிசையில் வந்ததில்லையாம். அச்சான பக்கத்தை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கட்டுரையில் மனப்பாடமாகத் தெரிந்த வரி, சோதனை முறையை விளக்கும் பகுதியில் இருக்கிறது: பதிவின்போது அறையில் மனிதர் எவரும் இல்லை.

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, ஸ்கூல் அரை நாள் என்பதால் மனைவி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததில்லை. அன்று தாளில் பெண்ணையும் ஆணையும் சேர்த்தே விட்டிருந்தார் அக்கா. மூன்று பேரும் வராந்தாவில் திரை முன்னால் உட்கார்ந்தோம். மனைவிக்கு அக்கா ஹெட்போனை மாட்டிவிட்டார்.

ஆண் தாளம் போடத் தொடங்கியது. மனைவி கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஸ்டார்ட் ஆகாத வண்டிய யாரோ உதைச்சிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

பெண் சிலந்தி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பித் தாளின் ஓரத்துக்குப் போனது. ஆண் நிறுத்தியது. நான்கைந்து எட்டு பின்னாலேயே போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பெண் மறுபடி நகர்ந்தது. இதுவே முக்கால் மணி நேரம் நடந்தது. எனக்குப் பசித்தது, போகலாம் என்றேன். மனைவி நகரவில்லை. "இருங்க, என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போகலாம்" என்றாள்.

அவளும் அக்காவும் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார்கள். வேகமாகப் பேசினார்கள். ஸ்கூல் பற்றி, ஆனேக்கல் பஸ் பற்றி, அக்காவின் மகளுக்கு வந்திருக்கும் வரன் பற்றி என்று எனக்கு அங்கங்கே பிடிபட்டது. நடுவில் அக்கா திரையைக் காட்டி ஏதோ சொல்ல, மனைவி ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. "நீங்க போய் மூணு டீ வாங்கிட்டு வாங்க."

கேன்டீனுக்குப் போய் வாங்கி வந்தேன். பெண் சிலந்தி அப்போது நடையை நிறுத்திவிட்டு, ஆண் இருந்த பக்கம் திரும்பி நின்றிருந்தது.